கை மஞ்சள், கண் வெள்ளை

கரட்டை அவித்து மசித்துத் தினமும் ஊட்டி வளர்க்கும் எட்டு மாதப் பிள்ளையின் உள்ளங்கால் ஒரு நாள் கண்ணில் படும். குளிப்பாட்டித் துடைக்கும்போது, வெயில் விழுகிற விறாந்தையில் பார்த்தால், பாதத்தின் அடி மஞ்சள்மாவில் தோய்த்து எடுத்ததுபோல இருக்கும். மூக்கு நுனியும் அப்படியே. வீட்டில் முதலில் வாய் திறப்பவர் அநேகமாக அம்மம்மா: “பிள்ளைக்குச் செங்கமாரி போலக் கிடக்கு, கையைப் பாருங்கோ.” ஒருவர் கீழ்க்காய்நெல்லி தேடி வளவுக்குள் இறங்குவார். இன்னொருவர் ஓட்டோவுக்குப் போன் எடுப்பார்.

அம்மம்மா கண்ட மஞ்சள் உண்மையானதுதான். ஆனால் செங்கமாரியைக் கையில் தேடக்கூடாது, கண்ணில் தேடவேண்டும். பிள்ளையின் கண்வெள்ளை பால்போல இருந்தால், மஞ்சள் வந்த வழி ஈரலைவிடக் கறிச்சட்டியாக இருக்கவே இடம் கூட.

கரட், பூசணி, பப்பாப்பழம் போன்றவற்றுக்கு நிறம் கொடுப்பவை கரோட்டீன்களும் அவற்றின் உறவுகளும். 1831இல் ஜெர்மானியரான வாக்கன்றோடர் கரட்டிலிருந்து பிரித்தெடுத்ததால் கரட்டின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. இவை தண்ணீரில் கரையாதவை, கொழுப்பில் கரைபவை. குடல் உறிஞ்சியதில் தேவையான அளவை உடல் விற்றமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. மாறாத மிச்சம் இரத்தக் கொழுப்போடு சேர்ந்து சுற்றித் தோலுக்கடியில் உள்ள கொழுப்பில் தங்குகிறது. வியர்வையோடும் தோலெண்ணெயோடும் கசிந்து வெளியே வரும்போது, தோலின் மேற்படை அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேற்படை தடித்த உள்ளங்கையும் உள்ளங்காலும், எண்ணெய் வடியும் மூக்கோரமும் நெற்றியும் முந்தி நிறம் காட்டுவது இதனால்தான். 1919இல் ஹெஸ், மையர்ஸ் என்ற இரு மருத்துவர்கள் குழந்தைகளில் இதைக் கண்டு எழுதினார்கள். மருத்துவத்தில் இதற்குப் பெயர் கரோட்டினீமியா.

செங்கமாரியில் ஏறுவது பிலிரூபின் என்ற மஞ்சள் நிறமி. அது கண்வெள்ளையில் உள்ள இலாஸ்ரின் என்ற புரதத்தோடு நன்றாக ஒட்டும். கரோட்டீனுக்கு அந்த ஒட்டுதல் இல்லை. இந்த ஒரு வேறுபாடு கையில் இருந்தால் பாதிப் பயம் போய்விடும்.

உண்ட நிறம் உடலில் ஏறுவது எங்கள் ஊரில் புதினமும் இல்லை. மாட்டு நெய் மஞ்சளாக உறைகிறது, எருமை நெய் வெள்ளையாக உறைகிறது. இரண்டும் ஒரே புல்லைத்தான் மேய்கின்றன. எருமையும் ஆடும் கரோட்டீனை ஏறக்குறைய முழுதாகவே விற்றமின் ஏ ஆக மாற்றிவிடும். மாடு கொஞ்சத்தை அப்படியே பாற்கொழுப்புக்குள் விட்டுவிடும். மனிதர் இந்த விஷயத்தில் மாட்டின் கட்சி. வளவில் மேய்கிற ஊர்க்கோழியின் முட்டைக் கரு ஆழ்ந்த நிறமாக இருப்பதும், சுண்டிக்குளத்துப் பக்கம் வந்திறங்கும் பூநாரைகள் இளஞ்சிவப்பாக இருப்பதும், கறிச்சட்டியில் விழுந்ததும் நண்டு சிவப்பதும் இதே குடும்பத்து நிறமிகளால். நண்டில் அது ஒரு புரதத்தோடு கட்டுண்டு நீலம் காட்டிக் கிடக்கும். சூடு பட்டுப் புரதம் குலைந்ததும் சிவப்பு வெளியே வந்துவிடும்.

பார்க்கும் முறைக்கு வருவோம். அரைகுறை வெளிச்சத்தில் பார்த்துக் குழம்பியவர்கள்தான் கூட. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், கறிமஞ்சள் ஒட்டியிருந்தாலும் இதே நிறம்தான் தெரியும். மஞ்சள் பல்ப்புக்குக் கீழே பார்க்கவே வேண்டாம், வெள்ளை ரியூப் லைற்றும் நம்பத்தக்கதல்ல. காலை 9, 10 மணி வெளிச்சத்தில் முற்றத்துக்கு வந்து, ஏறக்குறைய ஒரே நிறமுள்ள இன்னொருவரின் உள்ளங்கையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். எங்கள் தோல் நிறத்தில் புறங்கை எதையும் சொல்லாது. உள்ளங்கையைப் பெருவிரலால் அழுத்தி எடுத்தால் இரத்தம் விலகி ஒரு கணம் தோலின் சொந்த நிறம் தெரியும். கரோட்டீன் என்றால் அந்த இடம் வெளிறிய செம்மஞ்சளாக நிற்கும்.

பிறகு கண். கீழே பார்க்கச் சொல்லி மேலிமையை மெல்லத் தூக்கினால், இமை மூடியிருந்த வெள்ளை தெரியும். அதைத்தான் பார்க்கவேண்டும். வெயிலில் வேலை செய்பவர்களின் கண்ணோரங்களில், கருமணிக்கு இரு பக்கமும், மஞ்சளாகவோ பழுப்பாகவோ திட்டு இருக்கும். அது தூசும் வெயிலும் செய்த வேலை. செங்கமாரி திட்டாக வராது, வெள்ளை முழுதும் ஒரே சீராக மஞ்சள் படரும். நாக்கைத் தூக்கிக் கீழ்ப்பக்கத்தையும் பாருங்கள், செங்கமாரி அங்கும் மஞ்சள் காட்டும். கடைசியாக, காலையில் முதல் போகும் சிறுநீரை வெள்ளைக் கோப்பையில் பிடித்துப் பாருங்கள். கடுந்தேயிலைச் சாயம்போல இருந்தால், மலமும் வெளுத்திருந்தால், இந்தக் கட்டுரையை மூடிவிட்டு வைத்தியசாலைக்குப் போங்கள்.

எவ்வளவு சாப்பிட்டால் நிறம் ஏறும்? 100 கிராம் பச்சைக் கரட்டில் ஏறக்குறைய 8 மில்லிகிராம் பீற்றா கரோட்டீன் உண்டு. நடுத்தரக் கரட் ஒன்று 60 கிராம் வரும், அதில் 5 மில்லிகிராம். வளர்ந்த ஒருவர் தினமும் 20 முதல் 30 மில்லிகிராம் வரை, இடைவிடாமல் வாரக்கணக்கில் எடுத்தால் உள்ளங்கை மாறத் தொடங்கும். பொதுவாக 4 முதல் 7 வாரம் பிடிக்கும். நல்லூர்த் திருவிழா 25 நாளும் வீட்டில் மரக்கறி மட்டுமே என்று இருந்தாலும் கை மஞ்சளாவதில்லை என்பதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். நாளும் போதாது, ஒவ்வொரு நாளும் ஒரே மரக்கறியும் இல்லை.

ஆனால் மில்லிகிராம் கணக்கு பாதிக் கதைதான், சமையலில்தான் மீதி இருக்கிறது. பச்சைக் கரட்டைக் கடித்துத் தின்றால் கரோட்டீனில் பெரும்பகுதி கலத்தின் சுவருக்குள்ளேயே அகப்பட்டு, அப்படியே வெளியேறிவிடும். துருவினால் கொஞ்சம் கூட வரும். அவித்தால் சுவர் நெகிழும். அவித்து மசித்தாலோ பிளெண்டரில் அடித்தாலோ சுவரே இருக்காது. அதோடு கொழுப்பும் வேண்டும், ஒரு வேளை உணவில் 3 முதல் 5 கிராம் இருந்தாலே குடல் கரோட்டீனை உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீர் கூட விடாமல் பிழிந்த முதற்பால் ஒரு மேசைக்கரண்டியில் அந்த 3 கிராம் கிடைத்துவிடும். பூசணிக்காயைக் குழைய அவித்து, முதற்பால் விட்டு இறக்கும் பால்கறியை நினைத்துப் பாருங்கள். கரோட்டீனை உடலில் சேர்க்க ஆய்வுகூடத்தில் உட்கார்ந்து வழி யோசித்தாலும் இதைவிடத் திறமாக வராது. சம்பலாகத் துருவித் தேசிக்காய்ப்புளி விட்ட கரட்டில், தேங்காய்ப்பூ சேர்க்காவிட்டால், உடலுக்குச் சேர்வது குறைவு. ஒரே கரட், ஒரே நிறை, ஆனால் உடலுக்குள் போகும் அளவு வேறு.

யூஸ் தனிக்கதை. ஒரு பெரிய தம்ளர் கரட் யூஸுக்கு அரைக் கிலோ கரட் போகும். பாதிக் கரோட்டீன் சக்கையோடு போனாலும், தம்ளருக்குள் 20 மில்லிகிராம் நிற்கும். அரைக் கிலோ கரட்டைக் கறியாக வைத்து ஒருவர் ஒரே நாளில் தின்னமாட்டார், யூஸாக ஐந்து நிமிடத்தில் குடித்துவிடுவார். வளர்ந்தவர்களின் கை மஞ்சளுக்குப் பின்னால் அநேகமாக ஒரு பிளெண்டரோ யூஸ் மெஷினோ இருக்கும்.

குழந்தைக்கு இதே கணக்கைப் போடுங்கள். எட்டு மாதப் பிள்ளையின் நிறை 8 கிலோ என்று வைப்போம். தினமும் அரைக் கரட், அதாவது 30 கிராம், மசித்து ஊட்டினால் கிட்டத்தட்ட 2.5 மில்லிகிராம். பார்க்கச் சின்ன அளவு. 60 கிலோ உள்ள ஒருவரின் உடம்புக்கு அதே வீதத்தில் கணக்கிட்டால் 19 மில்லிகிராம், நான்கு கரட்டுக்குக் கிட்ட. அதுவும் மசித்தது, அதுவும் கொழுப்புள்ள தாய்ப்பாலோடு சேர்த்து. ஆறு மாதம் முடிந்து மேலுணவு தொடங்கும் வீடுகளில் கரட், பூசணி இரண்டுமே மாறி மாறி வருவதால் இடைவெளியும் கிடைப்பதில்லை. “மாத்தி மாத்தித்தான் குடுக்கிறம்” என்று சொல்லும் தாய்மார் மாற்றுவது மரக்கறியின் பெயரை, நிறம் மாறுவதில்லை.

பிள்ளையின் மஞ்சளுக்கு மருந்து தேவையில்லை. செம்மஞ்சள் மரக்கறியைக் கிழமைக்கு மூன்று நாள் என்று வைத்து, மற்ற நாட்களில் உருளைக்கிழங்கு, வாழைக்காய், பீர்க்கங்காய், போஞ்சி, பருப்பு என்று கொடுங்கள். முட்டையும் மீனும் வயதுக்கேற்பச் சேரட்டும். கரட்டை ஒரேயடியாக வெட்டிவிடத் தேவையில்லை. பயந்துபோய் எல்லாக் காய்களையும் நிறுத்திச் சோறும் பாலும் மட்டும் கொடுப்பதுதான் பெரிய பிழை, அது பிள்ளையின் வளர்ச்சியில் கைவைக்கும். விற்றமின் ஏ மிஞ்சிவிடுமோ என்றும் யோசிக்கவேண்டாம். விற்றமின் ஏ ஐ ஆயத்தமாகக் கொண்ட ஈரல், மீனெண்ணெய், வில்லைகள் அளவு மிஞ்சினால் நஞ்சாகும். கரோட்டீனில் அந்தக் கேடு இல்லை, போதுமான அளவு மாற்றியதும் குடல் தானாகவே கைவிட்டுவிடும்.

கீரைகளைப் பற்றிக் கேட்பார்கள். முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி எல்லாவற்றிலும் கரோட்டீன் தாராளமாக உண்டு, பச்சை நிறம் மேலே மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் இலையில் அது பச்சையக் கட்டமைப்புக்குள் இறுகியிருப்பதால் கரட்டைப்போல இலேசாக வெளிவராது. முருங்கையிலை வறையில் தேங்காய்ப்பூ போடுவது இந்த இடத்தில் கைகொடுக்கிறது. வறை தின்று கை மஞ்சளாவது அரிது. தின்னும் அளவும் ஒரு கைப்பிடிதான்.

மாம்பழக் காலத்தில் வரும் சந்தேகத்துக்கும் கணக்கே பதில். மாம்பழத்தில் பொதுவாக 100 கிராமுக்கு 0.6 மில்லிகிராம் அளவே பீற்றா கரோட்டீன். கறுத்தக்கொழும்பான் மூன்று உரித்துத் தின்றாலும் ஒரு கரட்டைச் சுற்றித்தான் நிற்கும். வற்றாளங்கிழங்கு வெள்ளைச் சதை என்றால் கணக்கிலேயே வராது, செம்மஞ்சள் சதை என்றால் கரட்டுக்குச் சமம். பனங்களியிலும் இந்த நிறமிகள் உண்டு. ஆனால் அதன் கைப்பே அளவைக் கட்டுப்படுத்திவிடும், பனங்காய்ப் பணியாரம் தின்று மஞ்சளாக வயிறு இடம் கொடுக்காது.

தக்காளியும் வத்தகப்பழமும் சிவப்புச் சதைப் பப்பாப்பழமும் வேறு நிறமி, லைக்கோபீன். இது விற்றமின் ஏ ஆக மாறவே மாறாது. மிஞ்சினால் தோல் மஞ்சளைவிடச் செம்மஞ்சளுக்குச் சாயும். 1960இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் முதலில் பதிவான பெண், பல வருடமாகத் தினமும் இரண்டு லீற்றர் அளவு தக்காளிச் சாறு குடித்தவர். ரசத்துக்கு இரண்டு தக்காளி நசித்துப் போடுகிறவர்கள் கவலைப்பட ஒன்றும் இல்லை.

பீற்றூட் இந்தக் கூட்டத்தில் சேராது. அதன் சிவப்பு தண்ணீரில் கரையும், கொழுப்பில் தங்காது, தோலுக்கு வராது. சிலருக்கு மட்டும் சிறுநீர் இளஞ்சிவப்பாகப் போகும், பத்துப் பேரில் ஒருவருக்கு என்று சொல்லலாம். இரத்தம் போகிறதென்று பதறுவார்கள். இதில் ஒரு வேடிக்கை, இரும்புச்சத்துக் குறைந்தவர்களில் இது கூடுதலாகக் காணப்படும். இரத்தம் ஊறப் பீற்றூட் தின்னச் சொல்கிறார்கள், அதில் 100 கிராமுக்கு ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. முருங்கையிலையில் அதைப்போல் சில மடங்கு உண்டு, பக்கத்தில் தேசிக்காய்ப்புளியும் இருந்தால் உறிஞ்சலும் கூடும்.

இனி, சொல்லாமல் விடமுடியாத ஒன்று. கலியாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது பெண்ணுக்குத் தினமும் கரட் யூஸ், பீற்றூட் யூஸ் கொடுப்பது. “நிறம் வைக்கும்” என்பார்கள். எங்கள் தோலின் மாநிறம் மெலனின் என்ற நிறமியால் வருவது. எந்த மரக்கறியும் மெலனினைக் குறைக்காது. கரட் செய்வது அந்த நிறத்தின் மேல் இன்னொரு மஞ்சள் படையைப் போடுவதுதான். 4 முதல் 7 வாரம் என்ற கணக்கைத் திரும்பப் பாருங்கள், யூஸ் தன் வேலையைக் காட்டும் நாள் சரியாகத் தாலி கட்டும் நாளில் வந்து நிற்கும். மருதோன்றி போட நீட்டிய கையில், மருதோன்றி படாத இடமெல்லாம் மஞ்சள்.

அளவாக ஏறினால் அது அழகாகத் தெரியவும் கூடும். 2012இல் ஸ்கொட்லாந்தின் சென் அன்ட்ரூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 35 பேரை ஆறு வாரம் தொடர்ந்து அளந்தார்கள். பழமும் மரக்கறியும் கூட்டியவர்களின் தோலில் மஞ்சளும் சிவப்பும் மெல்லக் கூடியிருந்தன, அந்த மாற்றத்தை மற்றவர்கள் ஆரோக்கியமான நிறம் என்று தெரிவு செய்தார்கள். ஆய்வில் இருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலினர் என்பதால் எங்கள் கண்ணுக்கு அது எவ்வளவு தெரியும் என்பது வேறு. எதுவாயினும் அங்கே பேச்சு நாளுக்கு இரண்டு மூன்று பங்கு கூட்டுவதைப் பற்றி, அரைக் கிலோ யூஸைப் பற்றி அல்ல. வெளுப்பு என்ற சொல்லும் அங்கே இல்லை.

மரக்கறியில் கிடைக்காத ஒன்று குறைந்தால் தோல் கறுக்கவும் கூடும். பால், முட்டை, மீன் எதுவும் தொடாமல் வருடக்கணக்கில் இருப்பவர்களுக்கு விற்றமின் பி12 குறைந்து, விரல் மொளிகள் கறுக்கலாம். கீரை தின்று அதைச் சரிக்கட்ட முடியாது. ஊசியோ வில்லையோ கொடுத்துக் குறை தீர்ந்தால் கறுப்பும் மெல்ல மங்கும்.

தின்னாமலே கை மஞ்சளாவதும் உண்டு, அப்போதுதான் வைத்தியர் தேவை. தைரொயிட் சுரப்பு குறைந்தால் கரோட்டீன் விற்றமின் ஏ ஆக மாறுவது மந்தமாகி, சாதாரணச் சாப்பாட்டிலேயே மிச்சம் ஏறும். நீரிழிவிலும், இரத்தக் கொழுப்பை ஏற்றும் சில சிறுநீரக நோய்களிலும் இப்படி வரலாம். உணவைக் கேட்டு விளங்காவிட்டால் பிலிரூபினோடு தைரொயிட்டுக்கான டி.எஸ்.எச்., வெறுவயிற்றுச் சீனி, சிறுநீரில் புரதம் பார்ப்பது முறை. கரோட்டீன் அளவையே இரத்தத்தில் அளக்கும் பரிசோதனை பெரும்பாலும் அவசியப்படாது.

கண்வெள்ளை மஞ்சளாக இருந்து, காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் சேர்ந்தால், அந்த ஆள் வயல் தண்ணீரிலோ வெள்ளத்திலோ இறங்கியவர் என்றால், கரட்டைப் பற்றி யோசித்துக்கொண்டு நிற்கவேண்டாம். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைக் கொண்டுபோனது. கண் சிவந்திருப்பதும் அதில் ஓர் அடையாளம். அன்றைக்கே வைத்தியசாலை.

இன்னொரு தடை, வில்லைகளுக்கு. கரட்டுக்குப் பதிலாகப் பீற்றா கரோட்டீன் வில்லை வாங்கிப் போடலாம் என்று நினைப்பவர்கள் பின்லாந்துக் கதையைத் தெரிந்துகொள்ளவேண்டும். புகைப்பிடிக்கும் 29,133 ஆண்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வந்தது. தினமும் 20 மில்லிகிராம் வில்லை எடுத்தவர்களில் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. மரக்கறியில் வரும் கரோட்டீனுக்கு இந்தக் குற்றச்சாட்டு இல்லை. சிகரட்டோ சுருட்டோ பிடிப்பவர் வில்லையைத் தொடவே வேண்டாம்.

உணவைத் திருத்திய பிறகு மஞ்சள் இறங்க அவசரப்படக்கூடாது. தோலின் மேற்படை உதிர்ந்து புதுப்பிக்க ஏறக்குறைய ஒரு மாதம் எடுக்கும், அதற்குள் கொழுப்பில் சேர்ந்த மிச்சம் திரும்பத் திரும்ப மேலே வரும். சில கிழமையிலிருந்து சில மாதம் வரை கணக்கு வையுங்கள். கீழ்க்காய்நெல்லி குடித்தவர்களுக்கு அந்த இடைவெளியில் மஞ்சள் போய்விடும், பெயரும் கீழ்க்காய்நெல்லிக்குப் போகும். இறக்கத்தை அறியக் கிழமைக்கு ஒரு நாள், அதே விறாந்தையில், அதே நேரத்தில், பிள்ளையின் பாதத்துக்குப் பக்கத்தில் வெள்ளைத்தாள் ஒன்றை வைத்துப் படம் எடுங்கள். தாள் இல்லாவிட்டால் போன் தன்பாட்டுக்கு நிறத்தைத் திருத்திவிடும்.

மூன்று மாதம் கழிந்தும் படங்களில் மாற்றம் இல்லாவிட்டால் தைரொயிட்டைப் பார்க்கத்தான் வேண்டும். அதற்கு முதல், நீங்கள் வேலைக்குப் போன பிறகு பின்னேரங்களில் பிள்ளைக்கு என்ன கொடுபடுகிறது என்று அம்மம்மாவிடம் ஒருக்கால் கேட்டுப் பாருங்கள்.